ஐஸ் வைத்துப் பார்த்தீர்களா?

கல்யாண மாதத்தில் ஒரு தவசுப்பிள்ளை காலை பத்து மணிக்கு வக்கீல் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால், அடுப்பில் ஏதோ கோளாறு என்று அர்த்தமில்லை, பிழைப்பில் கோளாறு. 2012 சித்திரையில் என் அலுவலகப் பெஞ்சில் அப்படித்தான் அவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் சொதிக்கும் அவியலுக்கும் பேர்போன கை. என் தங்கை கல்யாணத்துக்கும் அவர்தான் சமையல்.

"சார், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தர் என் வாயைக் கெடுத்துட்டாரு. கேஸ் போடணும்."

சொல்லிவிட்டு மேல்வரிசையிலிருந்து ஒரு பல்செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் வைத்துக்கொண்டார். முன்பற்கள் இரண்டு இல்லை. ஒரு விரலை உள்ளே விட்டு, அந்த ஓட்டைக்குப் பின்னால் மேலண்ணத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த இடத்துல ஊசியால குத்தினாலும் தெரியாது. ஒரு ரூவாத் துட்டு அகலத்துக்கு மரத்துப்போய்க் கெடக்கு."

ருசி நாக்கில்தானே இருக்கிறது, அண்ணம் மரத்தால் சமையலுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். வக்கீல் கேட்கிற கேள்விதான். எதிர்த்தரப்பும் இதைக் கேட்கும். அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உப்பு, புளி நாக்குக்குத் தெரியும் சார். பதம் அண்ணத்துக்குத்தான் தெரியும். சொதிக்கு முதப்பாலை விட்டு ஒரு கொதி கூட வந்துட்டா திரிஞ்சிரும். கண்ணுக்குத் தெரியாது. நாக்கால அண்ணத்துல ஒரு அழுத்து அழுத்தினா மணல் மணலாப் படும். பருப்பு வெந்துட்டா, பாகுல சீனி பூத்துட்டா, எல்லாம் அங்கனதான். இப்போ எனக்கு ஒண்ணும் படமாட்டேங்கு."

அன்றைக்கு நான் குறிப்பேட்டில் எழுதிய முதல் வரி இதுதான்: பதம் அண்ணத்தில் தெரியும். இந்த ஒரு வரி இரண்டு வருஷம் கழித்து எனக்கு உதவியது, ஆனால் நான் நினைத்த வழியில் அல்ல.

அவர் சொன்ன கதையை வரிசைப்படுத்த எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. 2009 கடைசியில் மேல் முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில் ஒரு சின்ன வீக்கம். வலி அதிகம் இல்லை. அவ்வப்போது உப்புக் கரிக்கிற மாதிரி ஏதோ கசியும். சமையல்காரர் அல்லவா, முதலில் குழம்பில்தான் உப்பு ஏறிவிட்டது என்று நினைத்திருக்கிறார். பதினைந்து வருஷமாகப் பழக்கமான பல் டாக்டரிடம் போனார். டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், வேரில் சீழ் கோத்திருக்கிறது என்றார், நடுவில் இருக்கும் இரண்டு முன்பற்களுக்கும் ரூட் கெனால் செய்தார். வீக்கம் வடியவில்லை. நாலு மாதம் கழித்து மறுபடி அதே இரண்டு பற்களையும் திறந்து சுத்தம் செய்தார். அப்போதும் வடியவில்லை. 2010 ஆனியில் இரண்டையும் பிடுங்கிவிட்டு, கழற்றி மாட்டும் பல்செட் போட்டுக் கொடுத்தார். வீக்கம் வருவதும் வடிவதுமாக ஒன்றரை வருஷம் ஓடியது. அதன்பிறகே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முகத்தாடை அறுவை நிபுணரிடம் போனார். அங்கே சி.டி. எடுத்து, 2012 தையில் அறுவை செய்து, ஒரு நீர்க்கட்டியை முழுதாக எடுத்தார்கள். வீக்கம் போயிற்று. மரப்பு வந்தது.

அவருடைய கோபம் முழுக்க அந்த அறுவை நிபுணர் மேல். நாற்பதாயிரம் வாங்கினார், நின்று பேசவில்லை, கேட்டதற்கு இங்கிலீஷில் பதில் சொன்னார். முதல் டாக்டரைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. "அவரு நம்ம டாக்டரு சார். எங்கம்மைக்குப் பல்லு எடுத்ததுக்குத் துட்டே வாங்கல. எம்மவ கல்யாணத்துக்கு வந்து பந்தியில உக்காந்து சாப்பிட்டாரு."

முப்பது வருஷத்தில் நான் பார்த்த மருத்துவ வழக்குகளில் பாதி இப்படித்தான் வரும். கத்தி வைத்தவர் மேல் வராத கோபம், முகம் கொடுத்துப் பேசாதவர் மேல் வரும். நல்லபடி பேசும் டாக்டருக்கு அதைவிடப் பெரிய இன்சூரன்ஸ் வேண்டாம்.

அவர் கொண்டுவந்த கட்டைப் பிரித்துப் பார்த்தேன். அறுவை நிபுணரின் ஆவணங்கள் ஒழுங்காக இருந்தன. சம்மதப் படிவத்தின் அச்சடித்த வரிகளுக்குக் கீழே, கையெழுத்தில், தமிழில் ஒரு வரி: அறுவைக்குப் பிறகு முன் அண்ணத்தில் உணர்ச்சி குறையலாம். அதற்குக் கீழே நம் ஆளின் கையெழுத்து. அவர் அதைப் படிக்கவில்லை, ஆனால் எழுதப்பட்டிருக்கிறது. நோயாளிக்குச் சிகிச்சையின் தன்மையும் ஆபத்தும் மாற்று வழிகளும் தெரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் அது சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அந்த டாக்டர் நிம்மதியாகத் தூங்கலாம்.

முதல் டாக்டரின் ஆவணங்கள் ஒரு பழைய உறையில் இருந்தன: மூன்று ரசீது, நகம் அளவுக்கு இரண்டு சின்ன எக்ஸ்ரே பிலிம். அந்தப் பிலிம்களை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் குடியிருந்த ஓர் அம்மையாரிடம் போனேன். பல் மருத்துவக் கல்லூரியில் வாய்நோய்க் குறியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சட்டத்தைப் பற்றி என்னிடம் நிறையக் கேட்பார். அன்று நான் மாணவன்.

பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு முன்பற்களின் வேர்களுக்கு நடுவில் ஒரு கறுப்பு நிழல். "சீட்டுக்கட்டுல ஆட்டின் பாத்திருக்கியளா தம்பி? அந்த மாதிரி இருக்கு பாருங்க." உண்மையில் கட்டி உருண்டையானதுதான், மூக்கின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன எலும்புமுனையின் வெள்ளை நிழல் மேலே விழுவதால் அந்த வடிவம் வருகிறது என்றார்.

பிறகு எனக்குப் பாடம் நடந்தது. கருவில் மூக்குக்கும் வாய்க்கும் இடையே இரண்டு மெல்லிய குழாய்கள் இருக்கும். பிறப்பதற்குள் அவை அடைந்துபோகும். அடைந்த இடத்தில் கொஞ்சம் செல்கள் தங்கிவிடும். பெரும்பாலோருக்கு அவை கடைசி வரை சும்மா கிடக்கும். சிலருக்கு, பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல், அவை விழித்துக்கொண்டு நீர்க்கட்டியாக ஊதும். மூக்கு-அண்ணக் குழாய் நீர்க்கட்டி. 1914இல் மேயர் என்பவர் முதலில் எழுதிவைத்தது. பல்லுக்குச் சம்பந்தமில்லாத தாடைக் கட்டிகளில் இதுதான் அதிகம். ஆனாலும் ஒரு சாதாரண பல் டாக்டர் தம் வாழ்நாளில் இதை எத்தனை தடவை பார்ப்பார் என்று சொல்ல முடியாது. அவர் தினம் பார்ப்பது வேர்முனைக் கட்டி. தாடையில் வரும் கட்டிகளில் பாதிக்கு மேல் அதுதான்.

"அப்போ அந்த டாக்டர் வேர்க்கட்டின்னு நினைச்சது தப்பில்லையே?" என்று கேட்டேன்.

"நினைச்சது தப்பில்ல. வேர்க்கட்டி எப்ப வரும்? பல்லு செத்தாத்தான் வரும். செத்த பல்லோட நுனியிலதான் வரும். பல்லு உயிரோட இருந்தா அந்தக் கட்டி பல்லோடது இல்ல. உயிர் இருக்கான்னு பாக்கக் கரண்ட் வச்சுப் பாக்குற கருவி இருக்கு. அது இல்லன்னா ஒரு ஐஸ் துண்டு. பல்லுல வச்சா, உயிர் இருந்தா கூசும். அரை நிமிஷ வேலை."

அதோடு அவர் விடவில்லை. பூதக்கண்ணாடியைக் கொடுத்து வேர்நுனிகளைப் பார்க்கச் சொன்னார். வேரைச் சுற்றி நூல் போல ஒரு வெள்ளைக் கோடு அறுபடாமல் ஓடியது. வேர்முனைக் கட்டி என்றால் நுனியில் அந்தக் கோடு அழிந்திருக்கும். இரண்டாவது பிலிம் ரூட் கெனால் நடக்கும்போது வேரின் நீளம் பார்க்க எடுத்தது. அதற்காக எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி எடுத்திருந்தார்கள். முதல் பிலிமில் வேர்நுனியைத் தொட்டுக்கொண்டிருந்த நிழல், இரண்டாவதில் நகர்ந்து தனியாக நின்றது. பல்லோடு ஒட்டிய கட்டி எந்தக் கோணத்தில் எடுத்தாலும் நுனியை விடாது; பல்லுக்குப் பின்னால் இருப்பதுதான் நகரும். மூக்கு-அண்ணக் குழாய் வழக்கமாக ஆறு மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருக்கும், இது பதினாலு இருக்கிறது என்று அளந்தும் காட்டினார்.

ஆக, சாட்சி முதல் டாக்டரின் சொந்தப் பிலிமிலேயே இருந்தது. அவரே எடுத்து, அவரே நோயாளி கையில் கொடுத்தனுப்பியது.

பயாப்சி அறிக்கையையும் படித்துச் சொன்னார். கட்டியின் உட்புறத் தோலில் மூக்கில் இருப்பது போல நுண்ணிய மயிர்கள் கொண்ட செல்கள் என்றிருந்தது. நான் அதை அடிக்கோடிட்டேன். "அதை நம்பி வாதம் பண்ணாதிய. மேல்தாடையில வேர்க்கட்டியிலயும் எப்பவாவது அது வரும். இதைப் பாருங்க," என்று அடுத்த வரியைக் காட்டினார்: சுவரில் நரம்புக் கற்றையும் ரத்தக் குழாய்களும். மூக்கு-அண்ணக் குழாய் வழியாகத்தான் முன் அண்ணத்துக்கு நரம்பு வருகிறது. கட்டியை எடுக்கும்போது அது அறுபடுவது சகஜம். அதாவது மரப்பு என்பது சரியான அறுவையின் விலை. யார் செய்திருந்தாலும் வந்திருக்கும்.

இதை என் கட்சிக்காரரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நீங்கள் அடிக்க வந்த ஆள் தப்புச் செய்யவில்லை, நீங்கள் கும்பிடுகிற ஆள் இரண்டு உயிருள்ள பற்களைப் பிடுங்கியிருக்கிறார் என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நம்ம டாக்டரைக் கோர்ட்டுக்கு இழுக்கச் சொல்லுதியளா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் சார்."

போய்விட்டார். நுகர்வோர் சட்டத்தில் காலவரம்பு இரண்டு வருஷம். பல் பிடுங்கியது ஆனியில். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மாதம் கழித்து, பல்செட் உடைந்து, புதிதாகப் போட ஆயிரக்கணக்கில் கேட்டார்கள் என்று அவரே திரும்பி வந்தார். காலவரம்பு முடிய ஒன்பது நாள் இருந்தது. ஐந்து லட்சம் கேட்டு மனு. மன்றக் கட்டணம் இருநூறு ரூபாய். மருத்துவ சேவையும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் சிவில் கோர்ட்டில் வீட்டை அடகு வைத்துத்தான் கட்டணம் கட்டியிருப்பார். மரப்பையும் ஒரு தலைப்பாகச் சேர்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சேர்த்தேன். "நிரந்தரமாக உணர்ச்சி இழந்து" என்று எழுதியது என் பேனாதான்.

இந்த மாதிரி வழக்கில் தோற்பதற்குச் சுலபமான வழி, டாக்டர் நோயைத் தப்பாகக் கண்டுபிடித்தார் என்று வாதிடுவது. தப்பான கணிப்பு மட்டுமே அலட்சியம் ஆகாது. 1957இல் இங்கிலாந்தில் போலம் வழக்கில் வந்த அளவுகோலை 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது: அந்தத் தொழிலில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் செய்வதை இவர் செய்தாரா என்பதுதான் கேள்வி. நான் கணிப்பைத் தொடவே இல்லை. திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்வதற்கு முன் பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்தாரா என்ற ஒன்றையே மனு முழுக்க எழுதினேன்.

ஒரு பல் டாக்டருக்கு எதிராகச் சாட்சி சொல்ல இன்னொரு பல் டாக்டர் ஊரில் கிடைக்க மாட்டார். அறுவை நிபுணர் ஆவணங்களைச் சான்றிட்டுக் கொடுத்தார், வாயைத் திறக்கவில்லை. அம்மையாருக்கு உடம்பு சரியில்லை. எல்லா மருத்துவ வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010இல் வந்த தீர்ப்பு என் கையில் இருந்தது. அதை நம்பி இறங்கினேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் என் சீனியரின் நண்பர், கெட்டிக்காரர். அரிய கட்டிகளில் மருத்துவ உலகமே குழம்பும்போது ஒரு கிளினிக் டாக்டரைக் குறை சொல்லலாமா என்பது அவர் வாதம். அதற்கு ஒரு தடித்த பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து, மேல்தாடையில் இரண்டாம் பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் நடுவில், கருவில் எலும்புகள் இணையும் இடத்தில் வரும் ஒரு கட்டியைப் படித்துக் காட்டினார். புத்தகம் பழைய பதிப்பு. அங்கே எலும்புகள் அப்படி இணைவதே இல்லை என்று தெரிந்து, உலக சுகாதார நிறுவனத்தின் 1992 வகைப்பாட்டிலேயே அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். நான் அதைச் சொன்னதும், மன்றத் தலைவர் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தில் வருஷத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மருத்துவப் புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது பதிப்பு வருஷம். கெரடோசிஸ்ட் என்று தாடையில் வரும் ஒரு கட்டி 2005 வகைப்பாட்டில் நீர்க்கட்டி என்பதிலிருந்து புற்று அல்லாத டியூமர் ஆனது. 2017இல் மறுபடி நீர்க்கட்டியாகத் திரும்பிவிட்டது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எந்தப் பதிப்பைக் கையில் வைத்திருந்தார் என்பதைப் பொறுத்து ஒரு வக்கீல் ஜெயித்திருப்பார் அல்லது தோற்றிருப்பார்.

டாக்டரை நேரில் குறுக்கு விசாரணை செய்ய மன்றம் அனுமதித்தது. மெலிந்த, அமைதியான மனிதர். கேஸ் ஷீட்டை அசலாகவே கொண்டுவந்திருந்தார். அதில் பல் உயிர்ச் சோதனை என்று அச்சடித்த ஒரு கட்டம் இருந்தது. காலியாக இருந்தது. அந்த ஒரு கட்டத்தில் ஒரு கழித்தல் குறி போட்டு எடுத்துவர அவருக்கு எத்தனையோ மாதம் இருந்தது. போடவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓர் எதிராளியை நான் பார்த்ததில்லை.

"ரூட் கெனாலுக்கு முன்னால் ஐஸ் வைத்துப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"பல்லைப் பிடுங்குவதற்கு முன்?"

"ரூட் கெனால் பண்ணின பல்லில் பார்க்க முடியாது."

சரியான பதில். நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அதை மறைக்க, "ஏன் முதலில் பார்க்கவில்லை?" என்று இன்னொன்று கேட்டேன். பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது என்று ஜூனியர்களுக்குப் பாடம் நடத்துகிற நான்.

"சின்ன வயசுல முன்பல்லுல அண்டா மூடி விழுந்து அடிபட்டதா அவர் சொன்னார். அடிபட்ட பல் பல வருஷம் கழிச்சுச் செத்துப்போகும். அதனால செத்திருக்கும்னு எடுத்துக்கிட்டேன்."

கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் அது எழுதியிருந்தது. நான் முன்பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். என் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். ஆமாம், அடிபட்டது உண்மை. மதிய இடைவேளையில் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். "நீங்க கேக்கலையே சார்," என்றார்.

அந்த இடைவேளையில்தான் இன்னொன்றும் பார்த்தேன். வராந்தாவில் டாக்டர் அவரிடம் வந்து, "செட் உறுத்துதா? ஓரத்தைத் தேய்க்கணும் போலிருக்கே," என்று கேட்டார். இவர் வாயைத் திறந்து காட்டினார். இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் நின்று ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீலும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மதியத்துக்கு மேல் நான் அடிபட்ட கதையைத் திருப்பிப் போட்டேன். அடிபட்ட பல் செத்திருக்கலாம், சாகாமலும் இருக்கலாம். சந்தேகம் இருப்பதால்தானே சோதனை? முதல் ரூட் கெனாலில் வீக்கம் வடியாதபோது மறுபடி அதையே ஏன் செய்தீர்கள்? பக்கவாட்டில் எடுத்த பிலிமில் நிழல் நகர்ந்ததைக் கவனித்தீர்களா? பல்லைத் திறந்தபோது உள்ளே ரத்தம் கசிந்ததா? கடைசிக் கேள்விக்கு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. செத்த பல்லில் ரத்தம் கசியாது. "கசிஞ்சது," என்றார்.

வாதத்தின்போது பதம் அண்ணத்தில் தெரியும் என்ற வரியை எடுத்தேன். மரப்புக்காக அல்ல. பற்களைப் பிடுங்கியதால்தான் செட் வந்தது. செட்டின் தகடு அண்ணத்தை மூடுகிறது. அண்ணத்தை மூடிக்கொண்டு ஒரு தவசுப்பிள்ளை பாகுப் பதம் பார்க்க முடியாது. செட்டைக் கழற்றி வைத்தால் பந்தியில் முகம் காட்ட முடியாது. தலைவர் சிரித்தார். அவருக்கும் நெல்லைச் சொதி தெரியும்.

2014 புரட்டாசியில் உத்தரவு வந்தது. கணிப்பில் தவறியது அலட்சியம் அல்ல. சோதிக்காமல் இரண்டு தடவை சிகிச்சை செய்ததும் பிடுங்கியதும் சேவைக் குறைபாடு. வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், நஷ்டஈடு ஒன்றே கால் லட்சம், வழக்குச் செலவு ஐயாயிரம். மரப்பு சரியான அறுவையின் தவிர்க்க முடியாத விளைவு, முதல் டாக்டர் சரியாகக் கண்டுபிடித்திருந்தாலும் அது வந்திருக்கும். அந்தத் தலைப்பில் எதுவும் இல்லை. டாக்டர் மேல்முறையீடு போகவில்லை. முப்பது நாளுக்குள் செக் வந்தது.

செக்கை வாங்கிக்கொண்டு மன்றத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு வந்தோம். மரப்புக்கு ஒன்றும் கிடைக்காததில் எனக்குக் கொஞ்சம் குறை இருந்தது. மாநில ஆணையத்துக்குப் போகலாமா, நிரந்தர இழப்புக்கு ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கினால் வாய்ப்பிருக்கிறது என்று பேசிக்கொண்டே இருந்தேன். அவர் வழக்கம்போலச் செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். டீயை ஒரு வாய் உறிஞ்சியவர், "ஸ்ஸா," என்று கிளாஸைக் கீழே வைத்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"அண்ணத்துல சுட்டுட்டு."

நான் கிளாஸைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். "எப்பத்திலேருந்து தெரியுது?"

"அது போன வருஷம் ஆடியிலயே சரியாயிட்டு சார்," என்று சொல்லிவிட்டு, டீயை ஆற்றத் தொடங்கினார்.